'தி லெப்பர்ட்' (1963): டான்கிரெடி ஆஞ்சலிகாவைக் காதலிச்சானா, இல்லையா?

மாடிவீட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். 2025-ல நெட்ஃபிளிக்ஸ்ல வந்த ஆறு எபிசோட் தொடரைப் பார்த்து முடிச்ச சூட்டோட, விஸ்கோன்டி எடுத்த பழைய படத்தையும் நானும் வீட்டம்மாவும் உட்கார்ந்து பார்த்தோம். பர்ட் லங்காஸ்டர், அலென் டெலோன், கிளாடியா கார்டினாலே நடிச்சது.

கதை தெரியாதவங்களுக்காக: 1860. இத்தாலியை ஒரே நாடாக்கப் போராடின தளபதி கரிபால்டி படையோட சிசிலில இறங்கறார். சலினா இளவரசர் பெரிய பரம்பரை, ஆனா சொத்து கரையுது. அவரோட தங்கச்சி மகன் டான்கிரெடி கையில காசில்லை, பட்டப்பேர் மட்டும் இருக்கு. இளவரசரோட மகள் கொன்சேட்டா அவனை விரும்பறா. அவனோ புதுப்பணக்காரர் டான் கலோஜெரோவோட மகள் ஆஞ்சலிகாவைக் கட்டிக்கறான்.

எங்க வீட்டுல இப்ப இதான் சண்டை. "இவன் அந்தப் பொண்ணை விரும்பறானா, அவங்கப்பன் பணத்தை விரும்பறானா?"ங்கறது அவ கேள்வி. எனக்குக் காதல்னுதான் படுது. அவ சிரிக்கறா. பார்த்தவங்க யாராவது தீர்ப்பு சொல்லுங்க.

இன்னொண்ணு. கடைசி நடன விருந்து முக்கால் மணி நேரத்துக்குக் கிட்ட ஓடுது. அதுல கதைன்னு ஒண்ணும் நகரலையே, ஏன் அவ்வளவு நீளம்? முடிவைப் பத்திப் பேசினாலும் பரவாயில்லை, பார்த்தாச்சு.

---

டிக்கெட் கிழிப்பவன்:

பணம்தான், சந்தேகமே வேண்டாம். அவன் சட்டையைப் பாருங்க. முதல்ல கரிபால்டியோட சிவப்புச் சட்டை. கொஞ்ச நாள்ல அரசாங்கப் படை அதிகாரியோட சீருடை. "எல்லாம் இப்படியே இருக்கணும்னா எல்லாம் மாறணும்"னு மாமன்கிட்ட பாடம் எடுத்த ஆள் அவன். கட்சி விஷயத்துல இவ்வளவு கணக்குப் போடறவன் கல்யாணத்துல மட்டும் கண்ணை மூடிக்குவானா?

சம்பந்தமில்லாத தகவல்: கொன்சேட்டாவைச் சுத்திவர்ற அந்த நீலக்கண் கவுண்ட் கவ்ரியாகி யாருன்னு கண்டுபிடிச்சீங்களா? பின்னாடி 'டிரினிட்டி' படங்கள்ல துப்பாக்கி சுழற்றின டெரன்ஸ் ஹில். அப்ப வேற பேர்ல நடிச்சிட்டிருந்தார். எனக்கு அந்தாளைப் பார்த்ததுக்கு அப்புறம் சோகக் காட்சில மனசு ஒட்டவே இல்லை.

---

பழைய பத்திரம்:

தம்பி, உங்க வீட்டம்மா கேட்டது நல்ல கேள்வி. ரெண்டுல ஒண்ணைத்தான் பிடிக்கணும்னு நினைக்கறதுதான் எனக்கு இடிக்குது.

சார்பதிவாளர் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதியே குடும்பம் நடத்தினவன் நான். கல்யாணத் தேதி குறிச்ச பிறகு அவசரமா வந்து "பொண்ணு பேருக்கு இதை எழுதுங்க"ன்னு உட்கார்ந்த அப்பாக்களை நிறையப் பார்த்தாச்சு. அதனால இந்தப் படத்துல எல்லாரும் நடனத்தையும் திரைச்சீலையையும் பேசறப்ப, எனக்குக் கண்ணுல நிக்கறது இளவரசரும் டான் கலோஜெரோவும் அறைக்குள்ள உட்கார்ந்து பேசற இடம்.

யார் யாரைக் கேக்கறாங்கன்னு கவனிங்க. டான்கிரெடி லெட்டர் போட்டுட்டான், தனக்காக மாமா போய்ப் பெண் கேக்கணும்னு. இளவரசரோட மனைவி ராத்திரி படுக்கையில அழுது கத்தித் தீர்க்கறாங்க, அவன் துரோகின்னு. இவர் அதட்டி அடக்கறார். அப்புறம் தன்கிட்ட கைகட்டி நிக்க வேண்டிய ஓர் ஊர்த்தலைவர்கிட்ட இவரே வாயைத் திறந்து கேக்க வேண்டியிருக்கு. லங்காஸ்டர் முகத்துல அந்த நேரத்துல ஓடற கசப்பை நல்லாப் பாருங்க. பேச்சு முடிஞ்சதும் கட்டிப்பிடிக்கறப்ப குள்ளமான கலோஜெரோவோட கால் தரையை விட்டுக் கிளம்பிடுது. சிரிக்கவும் வைக்குது, வயித்தையும் பிசையுது.

அடுத்து கலோஜெரோ மகளுக்குத் தர்றதை ஒப்பிக்கறார். செத்தேசோலி நிலம், கோதுமை விளையற மண். ஜிபில்டோல்சேல திராட்சையும் ஆலிவும். அதுக்கு மேல துணிப்பைகள்ல தங்கக்காசு. படத்துக்கு மூலமான லாம்பெடூசாவோட நாவல்ல இந்த இடம் இன்னும் விரிவா, அளவோட வரும். எனக்குச் சொத்து விவரம் படிச்சுக் காட்டற மாதிரியே இருந்துச்சு. ஊர், நிலத்தோட தன்மை, பயிர், எல்லாம் வரிசையா. எல்லைமால் ஒண்ணுதான் பாக்கி! கடைசில, தானும் ஒரு பிரபு வம்சம்தான், காகிதமெல்லாம் சரியா இருக்கு, நடுவுல ஒரே ஒரு கண்ணி மட்டும் கிடைக்கலைங்கறார். தாய்ப்பத்திரத்துல நடுவுல ஒண்ணு மட்டும் காணோம்னு சொல்ற கட்சிக்காரங்களை எனக்கு நல்லாவே தெரியும். வாய்விட்டுச் சிரிச்சேன்.

இப்ப கொன்சேட்டா பக்கம் வாங்க. வீட்டுப் பாதிரியார் பிரோனே முன்னாடியே வந்து சொல்றார், உங்க மகளுக்கு டான்கிரெடி மேல ஆசைன்னு. இளவரசர் அதைத் தட்டிவிடறார். மகள் மேல பாசம் இல்லாம இல்லை. அவர் மனசுல ஒரு கணக்கு ஓடுது. அவருக்கு ஏழு பிள்ளைங்க. சிசிலில 1812-லயே நிலப்பிரபுத்துவத்தைச் சட்டப்படி ஒழிச்சாச்சு. சொத்து முழுசா ஒரு வாரிசுக்கே போய்ச்சேர்ந்து பத்திரமா நின்ன காலமும் அதோட கொஞ்ச வருஷத்துல போயாச்சு. அதுக்கப்புறம் நிலம் பங்குக்கும் வரும், கடனுக்கும் வரும், கலோஜெரோ மாதிரி ஆளுங்களுக்கு விலைக்கும் வரும். ஏழுல ஒரு பங்கோட வர்ற கூச்ச சுபாவக்காரப் பொண்ணு, டான்கிரெடி ஆசைப்படற உயரத்துக்கு அவனைத் தூக்கிவிட மாட்டாள். வியன்னாவுலயோ பீட்டர்ஸ்பர்க்கிலயோ தூதர் மனைவியா அவளை வெச்சுப் பார்க்க அவரால முடியலை.

"அப்ப பணம்தானே"ம்பார் டிக்கெட் கிழிக்கிற தம்பி. இல்லை.

அந்தக் காலி அரண்மனைக் காட்சியை நினைச்சுப் பாருங்க. டான்கிரெடியும் ஆஞ்சலிகாவும் யாரும் நுழையாத அறை அறையா ஓடறாங்க. தூசி, உடைஞ்ச சாமான், கிழிஞ்ச படுதா. ஒளிஞ்சு, தேடி, பிடிச்சு, விட்டு. அதுல கணக்கு எங்கே இருக்கு? ரெண்டு பேருக்கும் உடம்பு பத்திக்கிட்டு எரியுது. விஸ்கோன்டி அதைக் கிண்டல் பண்ணவே இல்லை.

இதுக்குப் பக்கத்துல படத்தோட ஆரம்பத்துல வர்ற ஒரு ராத்திரியை வெச்சுப் பாருங்க. இளவரசர் வண்டி பூட்டிப் பலெர்மோவுக்குப் போறார், மரியான்னினாங்கற பொண்ணைப் பார்க்க. அதே வண்டில பாதிரியாரையும் கூட்டிட்டுப் போறார்! மறுநாள் பாதிரியார் பாவமன்னிப்புன்னு பேச்செடுத்தா, ஏழு பிள்ளை பெத்தும் மனைவியோட தொப்புளைக்கூடப் பார்த்ததில்லைன்னு எரிஞ்சு விழறார். அந்த வர்க்கத்துல ஆசைக்கு ஒரு விலாசம், கல்யாணத்துக்கு வேற விலாசம். ஆசை பலெர்மோ சந்துல, கல்யாணம் அரண்மனையில. தலைமுறை தலைமுறையா அப்படித்தான் நடந்திருக்கு.

டான்கிரெடிக்குத்தான் முதல்முறையா ரெண்டும் ஒரே பொண்ணுகிட்ட கிடைக்குது. ஆஞ்சலிகா அவனோட தாத்தா காலத்துல பிறந்திருந்தா இன்னொரு மரியான்னினா ஆகியிருப்பா, அவ்வளவுதான். அரண்மனை ஆட்டம் கண்டதாலதான் அவ முன்வாசல் வழியா உள்ளே வர முடிஞ்சது. ஆசைப்பட்டவளையே கட்டிக்கற வாய்ப்பு அந்தக் குடும்பத்துக்கு வந்ததே சொத்து சரிஞ்ச பிறகுதான். உங்க வீட்டம்மா கேள்விக்கு என் பதில் இது: அவன் அவளையும் விரும்பினான், பணத்தையும் விரும்பினான். பணம் இருந்ததால அந்த ஆசைக்குக் குறுக்கே நிக்க ஒருத்தரும் இல்லை.

நடன விருந்துக்கு வர்றேன். பத்திரம் பதிவானா மட்டும் போதாது தம்பி, சுவாதீனம் ஒப்படைக்கணும். ஆஞ்சலிகாவைப் பலெர்மோ பிரபுக்கள் கூட்டம் ஏத்துக்கற ராத்திரி அது. அவளை யார் யார் எப்படிப் பார்க்கறாங்க, அவ அப்பா அங்கே இருக்கற தங்கத்தைப் பார்த்து என்ன விலை போடறார், எல்லாம் அங்கேதான் தெரியுது. கதை நகரலைன்னு சொல்றீங்க, ஆனா இளவரசர் அந்த முக்கால் மணி நேரத்துக்குள்ள நம்ம கண்ணெதிரிலேயே கிழவர் ஆயிடறார். வரும்போது நிமிர்ந்து வந்தவர், போகும்போது வேற ஆள். அஞ்சு நிமிஷத்துல அதைக் காட்டியிருந்தா நாம நம்பியிருக்க மாட்டோம். சோர்வை நாமளும் படணும். சிறுநீர்ப் பாத்திரங்கள் நிரம்பி வழியற அந்த அறையைக்கூடக் காட்டாம விடலை பாருங்க அந்த ஆள்! பலெர்மோவுல வால்குவார்னேரா-காஞ்சிங்கற நிஜ அரண்மனையில, வெயிலுக்குப் பயந்து ராத்திரி ராத்திரியா, நிஜ மெழுகுவர்த்தி வெச்சு எடுத்திருக்காங்க. நடிகைகள் விசிறிக்கறது பாதி நிஜம்.

---

கொன்சேட்டா கட்சி:

ஐயா, அந்த ரெண்டு விலாசம் விஷயம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா கொன்சேட்டாவைப் பங்குக் கணக்குல சேர்த்து முடிச்சுட்டீங்களே, அதுக்குத்தான் சண்டை போட வந்தேன்.

இளவரசர் குடும்பம் கோடைக்குப் போய்த் தங்கற டொன்னாஃபுகாட்டா ஊர்ல அந்த முதல் விருந்தை மறுபடி பாருங்க. கலோஜெரோ மனைவியைக் கூட்டிட்டு வரலை. உடம்பு சரியில்லைன்னு சாக்கு. நிஜத்துல அந்தம்மாவை அவர் யார் கண்ணுலயும் காட்டறதே இல்லை. ஆஞ்சலிகா உள்ளே வர்றா, மேஜையில பேச்சு அப்படியே நின்னுடுது. அப்புறம் டான்கிரெடி, போர்ல ஒரு கன்னியாஸ்திரி மடத்துக்குள்ள புகுந்த கதையைக் கொஞ்சம் அசிங்கமாவே சொல்றான். ஆஞ்சலிகா சிரிக்கறா. சிரிப்புன்னா அப்படி ஒரு சிரிப்பு, நிறுத்தவே முடியாம. கொன்சேட்டா கோபத்துல அவனைக் கடிச்சுப் பேசறா. அந்த ஒரு நிமிஷத்துல அவ தோத்துப்போறா. பங்கு எவ்வளவுன்னு எந்தக் காகிதமும் எழுதறதுக்கு முன்னாடியே.

படத்துல இல்லாத ஒண்ணு சொல்றேன். படம் 1862-ல அந்த நடனத்தோட நின்னுடுது. லாம்பெடூசாவோட நாவல் அதுக்கப்புறமும் போகுது. கடைசி அத்தியாயம் 1910. கொன்சேட்டா கல்யாணமே பண்ணிக்காத கிழவி. டான்கிரெடி செத்துப்போயாச்சு. அவனோட பழைய போர்த்தோழர் ஒருத்தர், இப்ப செனட்டர், வீட்டுக்கு வர்றார். பேச்சுவாக்குல சொல்றார்: அந்த மடத்துக் கதை நிஜமே இல்லை, டான்கிரெடி சும்மா கட்டிவிட்டது, உங்களைக் கோபப்படுத்திட்டோமேன்னு அப்புறம் வருத்தப்பட்டான்னு. அம்பது வருஷமா தன்னை வஞ்சிச்சவங்கன்னு நினைச்சு யார் யார் மேலயோ வளர்த்த கோபத்துக்கு ஆதாரமே இல்லாமப் போயிடுது. அப்பாவும் காரணமில்லை, ஆஞ்சலிகாவும் காரணமில்லை. தன் வீம்புதான். நீங்க சொல்ற பங்குக் கணக்கு அதுக்கெல்லாம் பதில் சொல்லாதுங்க ஐயா.

விஸ்கோன்டி இதை வெட்டினது எனக்கு இன்னும் ஆறலை. லூச்சில்லா மோர்லாக்கின்னு அந்த நடிகை, வசனமே குறைவு, பார்வைலயே அத்தனையும் செஞ்சிருக்காங்க. புதுத் தொடர் கொன்சேட்டாவை நடுவுக்குக் கொண்டுவந்துச்சு, சந்தோஷம். ஆனா அவளை ரொம்பப் பேச வெச்சுட்டாங்க. பேசாம இருக்கறதுதான் அவ.

இன்னொரு காதல் இருக்கு, அதை யாருமே சொல்லலை. நடன விருந்துக்கு நடுவுல இளவரசர் நூலகத்துல தனியா உட்கார்ந்து மரணப்படுக்கை ஓவியம் ஒண்ணைப் பார்த்துட்டிருக்கார். ஃபிரெஞ்சு ஓவியர் க்ரூஸ் வரைஞ்சது. தன் சாவும் இப்படி இருக்குமான்னு யோசனை. டான்கிரெடியும் ஆஞ்சலிகாவும் தேடிட்டு வர்றாங்க. அவ மசுர்கா ஆடக் கூப்பிடறா. அது இந்த வயசுக்கு ஆகாது, வால்ட்ஸ்னா ஆடறேங்கறார். ரெண்டு பேரும் ஆட ஆரம்பிச்சதும் மத்த ஜோடிங்க ஒதுங்கிடறாங்க. டெலோன் முகத்தைப் பாருங்க அப்ப. அது பொறாமை. அந்தக் கிழவர்தான் அவளுக்குச் சரியான ஜோடின்னு அந்தக் கூடத்துல அத்தனை பேருக்கும் ஒரு நிமிஷம் தெரிஞ்சுபோகுது, அவனுக்கும் தெரியுது. அந்த வால்ட்ஸ் இசை, இத்தாலிய இசைமேதை வெர்டியோட அதுவரை வெளிவராம இருந்த ஒரு துண்டு. படத்தோட இசையமைப்பாளர் நினோ ரோட்டா அதை வாத்தியக் குழுவுக்கு ஏத்தமாதிரி அமைச்சார்.

---

டிக்கெட் கிழிப்பவன்:

பொறாமை சரி அக்கா. ஆனா அந்தப் பொறாமைக்காரன் மறுநாள் காலையில மாமனார் பணத்துல தேர்தலுக்கு நிப்பான். நான் சொன்னது சொன்னதுதான்.

---

பழைய பத்திரம்:

அம்மா, நீங்க சொன்ன 1910 அத்தியாயம் எனக்கும் தெரியும். அந்த நாவலை எழுதினவரே லாம்பெடூசாவின் கடைசி இளவரசர்களில் ஒருத்தர்தானே. வானத்தை அளந்த தன் கொள்ளுத்தாத்தாவை வெச்சுத்தான் சலினாவைப் படைச்சார். பலெர்மோவுல அவர் பிறந்த வீடு 1943-ல குண்டு விழுந்து இடிஞ்சது. 1957-ல அவர் செத்துப்போனார், புத்தகம் அடுத்த வருஷம்தான் வந்துச்சு. வீடு போன ஒருத்தர் எழுதினதுங்கறதாலயோ என்னவோ, கடைசில யார் மேலயும் பழி போட முடியாம முடியுது கதை. அதை ஒத்துக்கறேன்.

ஆனா ஒண்ணு. மடத்துக் கதை பொய்னு கொன்சேட்டாவுக்கு அன்னிக்கு ராத்திரியே தெரிஞ்சிருந்தா கல்யாணம் நடந்திருக்குமா? அவ அப்பா கணக்கு மாறியிருக்காதே. கோபிச்சுக்காம இருந்திருந்தா, இன்னும் ரெண்டு மாசம் நம்பிக்கையோட இருந்திருப்பா. ஏமாத்தம் இன்னும் கொடுமையா இருந்திருக்கும். தன் வீம்புதான் காரணம்னு அவ நம்பறா. நான் நம்பலை.

வால்ட்ஸ் விஷயத்துல நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. அதை நான் விட்டிருக்கக் கூடாது.

---

மாடிவீட்டுக்காரன்:

படிச்சுக் காட்டினேன். "அந்தப் பத்திரக்காரர் சொல்றதுதான் சரி, ஆனா உங்களுக்கு இதுல ஜெயிப்பு இல்லை"ன்னுட்டா.

ரெண்டு சந்தேகம். கடைசில விடியக்காலை துப்பாக்கிச் சத்தம் கேக்குதே, அது யாரைச் சுடறாங்க? நாங்க பார்த்ததுல லங்காஸ்டர் ஆங்கிலத்துலதான் பேசினார், இத்தாலிய வடிவம்னு ஒண்ணு தனியா இருக்கா?

---

பழைய பத்திரம்:

அரசாங்கப் படையை விட்டு ஓடிப்போய்க் கரிபால்டியோட சேர்ந்த சிப்பாய்களை. 1862-ல கரிபால்டி மறுபடி கிளம்பினார், ஆஸ்ப்ரொமோன்டேல அதே இத்தாலியப் படை அவரையே சுட்டுக் காயப்படுத்திப் பிடிச்சுது. நடன விருந்துல தம்பட்டம் அடிக்கிற கர்னல் பல்லவிசினோ வர்றார் பாருங்க, அவர்தான் அந்தப் படைக்குத் தலைமை. ரெண்டு வருஷம் முன்னாடி சிவப்புச் சட்டை போட்ட டான்கிரெடி இப்ப, ஒழுங்குன்னு ஒண்ணு வேணுமில்லைன்னு பேசறான். நீ முன்னே இப்படிப் பேச மாட்டியேன்னு அவன் முகத்துக்கு நேரா சொல்றது கொன்சேட்டா ஒருத்திதான். வீட்டுக்குப் போற வண்டில சத்தம் கேட்டதும் கலோஜெரோ, நல்ல படை, வேலையை ஒழுங்காச் செய்யுது, இனி நிம்மதின்னு சொல்லிக்கறார். செத்தேசோலிக் கோதுமை பத்திரம்.

---

கொன்சேட்டா கட்சி:

மொழி விஷயம்: நீங்க பார்த்தது அமெரிக்காவுல ஃபாக்ஸ் கம்பெனி வெளியிட்ட வெட்டின வடிவமா இருக்கும், 161 நிமிஷம். இத்தாலிய வடிவம் மூணு மணி நேரத்துக்கு மேல. 1963 கான் திரைப்பட விழாவுல முதல் பரிசான தங்கப்பனை வாங்கின படத்தை வெட்டினதுல விஸ்கோன்டிக்கு ஏகக் கோபம். இத்தாலியத்துல லங்காஸ்டருக்கு வேற ஒருத்தர் குரல், முதல்ல உறுத்தும், அப்புறம் பழகிடும். 2010-ல புதுப்பிச்ச பிரதி நல்ல நிறத்தோட கிடைக்குது, அதைத் தேடுங்க. குடும்பம் டொன்னாஃபுகாட்டா கோயிலுக்குள்ள பயணத் தூசியோட சிலை மாதிரி உட்கார்ந்திருக்கற காட்சி பெரிய திரைல பார்க்கணும். ஃபோன்ல வேண்டாம்.